பத்து ஊர்களின் பதிவறைகள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், பக்தி இயக்கம், சமூக வரலாறு என்று ஏதாவது ஒன்றைப் பேசுவது வழக்கம். அரசு அலுவலகப் பதிவறையைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது அழைத்தவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதிவறை என்றால் மாடிப்படிக்கு அடியில் பூட்டிக் கிடக்கும் இருட்டறை. கால் உடைந்த நாற்காலியைப் போட்டுவைக்கும் இடம். மேலதிகாரிக்குப் பிடிக்காதவரை உட்காரவைக்கும் இடம். நம் அலுவலகங்களே அதை அப்படித்தான் நடத்துகின்றன.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு, பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு திணறும் அலுவலகங்களுக்கு யோசனை சொல்லிவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கலாம் என்று வந்திருக்கிறேன். கோப்பு எங்கே தொலைந்தது என்று கேட்டால் எல்லோரும் வெள்ளம் என்பார்கள், கரையான் என்பார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான கோப்புகள் கைமாறும்போது தொலைந்தவை. ஓர் அலுவலகம் இரண்டாகப் பிரிகிறது, அல்லது பத்து அலுவலகம் ஒன்றாகிறது. லாரியில் மூட்டைகள் ஏறுகின்றன. என்னென்ன ஏறியது என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. தொலைந்தது தெரியவே பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். தெரியும்போது அதற்குப் பொறுப்பான எவரும் பணியில் இருக்க மாட்டார்கள்.

இதைப் பேசுவதற்குத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 2021 நவம்பர் 3-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். அடுத்த பிப்ரவரியில் தேர்தலும் நடந்தது. இவ்வளவும் செய்தித்தாளில் வந்தது. செய்தித்தாளில் வராதது பத்துப் பதிவறைகளின் கதை.

ஓர் உள்ளாட்சியில் என்னென்ன ஆவணம் இருக்கும் என்று பாருங்கள். மன்றத் தீர்மானப் புத்தகம், சொத்து வரி கேட்புப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடுகள், கட்டட அனுமதிக் கோப்புகள், மனைப்பிரிவு வரைபடங்கள், ஒப்பந்தக் கோப்புகள், அளவுப் புத்தகங்கள், ஊழியர்களின் பணிப்பதிவேடுகள். இவை பத்து ஊரிலும் உண்டு. ஆனால் அடுக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் கட்டட அனுமதிக் கோப்பைத் தெருவாரியாக வைத்திருப்பார்கள், இன்னோரிடத்தில் ஆண்டுவாரியாக. மற்றோரிடத்தில் அங்கே நெடுநாள் இருந்த எழுத்தரின் நினைவில்தான் அடைவு முழுவதும் இருக்கும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அடைவும் ஓய்வு பெற்றுவிடும். ஓர் அரசாணை பத்து ஊரை ஒரே நாளில் ஒன்றாக்கும். பத்து வகை அடுக்குமுறையை ஒன்றாக்கும் அரசாணையை நான் பார்த்ததில்லை. தாம்பரம் மாநகராட்சியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதும் இதே கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் சுவையானது. பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் அது செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். அந்த மாவட்டத்தின் தலைமையிடமே 1859 முதல் 1968 வரை சைதாப்பேட்டையில்தான் இருந்தது. பிறகு காஞ்சிபுரத்துக்குப் போனது. அப்புறம் அந்த மனை தாம்பரம் வட்டத்துக்கு வந்தது. 1997-இல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. பின்னர் சோழிங்கநல்லூர் தனி வட்டமானது. 2018-இல் அந்த வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. இதற்கிடையே 2011-இல் உள்ளாட்சியும் மாறிவிட்டது. தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கோ 2019 நவம்பர் 29 முதல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் கோப்பு மட்டும் நாலைந்து ஊர் பார்த்துவிட்டது. "காஞ்சிபுரத்துல கேளுங்க சார்", "அது சைதாப்பேட்டையோட போச்சு" என்ற பதில்களை இந்த அரங்கில் கேட்காதவர் எத்தனை பேர்?

இனி எழும்பூருக்கு வருவோம். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்தபடி நடந்துபோகிறோம், உள்ளே போவதில்லை. 1805-இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்க், சிதறிக்கிடந்த தலைமைச் செயலகப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்கச் சொன்னார். மறு ஆண்டு முத்தையா என்பவர் பதிவுக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். எழும்பூர்க் கட்டடம் 1909-இல் முடிந்தது. மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற பெயர் 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றானது.

அங்கே நம் பகுதியைப் பற்றிய ஒரு புதையல் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் 1763-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எந்தெந்தத் தொழில் செய்பவர்கள், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் விளைச்சலில் என்ன பங்கு என்று எல்லாம் எழுதப்பட்டது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிய கணக்கே அதற்கு மூலம். அதை ஆங்கிலத்தில் சுருக்கித் தொகுத்தார்கள். ஆங்கிலத் தொகுதிகள் எழும்பூரில் இருக்கின்றன. தப்பிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்தப் பதிவுகளைத் தேடிப் படித்து அவற்றின் மதிப்பை எடுத்துச்சொன்னார். திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கு 2001-இல் நூலாகவே வந்துவிட்டது.

இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் திருப்போரூரில் எத்தனை வீடு இருந்தது என்று கேட்டால் விடை கிடைக்கிறது. 1985-இல் அனுமதிக்கப்பட்ட ஒரு மனைப்பிரிவின் பூங்கா இடம் எங்கே என்று கேட்டால் கிடைப்பதில்லை. காரணம் மர்மமானது அல்ல. பர்னார்டு காலத்துக் காகிதம் பழந்துணியில் செய்தது, உறுதியானது. 1980-களின் ஆலைக் காகிதத்தில் மரக்கூழும் அமிலமும் அதிகம். மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். வரைபடமோ அம்மோனியா பிரிண்ட், வெளிச்சம் பட்டால் கோடே மங்கிப்போகும். ஆனால் காகிதத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கும்பினிப் பதிவு ஒரே கட்டடத்தில், தொகுதி எண்ணோடு, பட்டியலோடு இருந்தது. நம் மனைப்பிரிவுக் கோப்பு ஊராட்சியிலிருந்து பேரூராட்சிக்கும், அங்கிருந்து நகராட்சிக்கும் வெறும் மூட்டையாகப் போனது.

அப்படி ஒரு கோப்பைத் தேடியதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தாம்பரத்துக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகர் நலச் சங்கத்தார், வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருக்கும் இடத்தில் யாரோ வேலி போடுகிறார்கள் என்று மனு கொடுத்தார்கள். பெரிய மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வேலி போட்டவரோ, பத்திரத்தைக் காட்டு என்கிறார். உள்ளாட்சியில் கோப்பு இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம் என்றால், எந்தப் புல எண்ணில் போடுவது? பழைய புல எண் உட்பிரிவாகியிருந்தது. நகர நில அளவை வந்து வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று அது வேறு எண்ணாகியிருந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். அது வேறோர் அலுவலகத்தில்.

கடைசியில் உதவியது ஒரு தன்பதிவேடு. வருவாய்த் துறையில் 'டாட்டன்ஹாம் முறை' என்பார்கள். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்குவது. அந்த முறையில் ஒவ்வோர் எழுத்தரும் தன் கைக்கு வந்த ஒவ்வொரு தாளையும் தன்பதிவேட்டில் எழுத வேண்டும்: வந்த நாள், யாரிடமிருந்து, பொருள், எடுத்த நடவடிக்கை, முடிந்த நாள். அப்படி எழுதிப் பழகிய ஒருவர் அந்தப் பழைய ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்திருக்கிறார். அவருடைய பதிவேட்டில் ஒரு வரி: மனைப்பிரிவு, தானப் பத்திரம் பெறப்பட்டது, நி.மு. பக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கிடங்கில் தேடினோம். சுகாதாரப் பிரிவின் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்குப் பின்னால் துணிக்கட்டு ஒன்று கிடந்தது. குளோரின் காற்றில் ஓரங்கள் தவிட்டு நிறமாகி உதிர்ந்தன; உள்ளே பத்திரம் முழுசாக இருந்தது. வேலி நின்றுவிட்டது. இன்று அந்த இடத்தில் ஊஞ்சல் ஆடுகிறது. அந்த எழுத்தர் யார் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

'நி.மு.' என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோப்பு முடிந்ததும் அதன் மேல் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது ஒன்றை எழுதுவார்கள். ஓராண்டு வைத்து அழிக்கலாம், மூன்றாண்டு, பத்தாண்டு, கடைசியாக என்றென்றைக்கும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு பாருங்கள். உலகத் தர நிர்ணய அமைப்பு 2001-இல் ஆவண மேலாண்மைக்கென்று ஒரு தரத்தை வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. அதில் பக்கம் பக்கமாகச் சொல்லும் பல விஷயங்களை நம் மாவட்ட அலுவலக நடைமுறை நூல் இரண்டு எழுத்தில் முடித்துவிட்டது. முறை நம்மிடம் இல்லாமல் இல்லை. அதைச் செய்ய ஆள் இல்லை, செய்தவரை மதிக்க மனமில்லை.

கைமாறும்போது தொலைவதற்கு நம் மாநிலத்தின் மிகப் பெரிய உதாரணம் 1980. அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி ஓர் அவசரச் சட்டம் மூலம் கர்ணம், மணியம் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதை உறுதிசெய்தது. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒழித்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பரம்பரையாக ஒரே வீட்டில் ஊர்க் கணக்கு இருப்பது குடியாட்சிக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் கணக்குகள் இருந்த இடம் அந்த வீடுகள்தான். அ பதிவேடு, அடங்கல், சிட்டா, புலப்படம் எல்லாம் பரணில், மரப்பெட்டியில். நேற்றுவரை தன்னுடையது என்று வைத்திருந்தவர், வேலை போன கோபத்தில் எவ்வளவு பொறுமையாக எண்ணிக் கொடுத்திருப்பார்? வாங்கியவருக்கு எதை எதிர்பார்க்க வேண்டும் என்றாவது தெரியுமா?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 'யு.டி.ஆர்.' என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதை வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள். யு.டி.ஆர். தவறு என்று கோட்டாட்சியரிடமும் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் இன்றும் மனுக்கள் குவிகின்றன அல்லவா? எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். அளந்தவர் அவசரமும் உண்டு, உரிமையாளர் ஊரில் இல்லாததும் உண்டு. ஆனால் அந்த ஒப்படைப்பு ஒழுங்காக நடந்திருந்தால் மனுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று அந்த மனுக்களை வாங்கிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏரிகளுக்கும் இதே கதி. யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்று ஒரு எண் இருக்கும். பிந்தையதில் வேறு வகைப்பாடு இருக்கும். எது எப்போது, எந்த ஆணையால் மாறியது என்று காட்டும் கோப்புதான் வழக்கில் பேசும். செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, பல்லாவரம் என்று ஏரியும் குடியிருப்பும் முட்டிக்கொள்ளும் பகுதி இது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. முதலில் எல்லையை அளந்து வரைபடம் போடு என்றுதான் அது தொடங்குகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 1,247.54 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லை எது என்ற சண்டை ஓயவில்லை. சதுப்பைப் பழைய பதிவில் கழுவேலி என்றும் தரிசு என்றும் எழுதிவைத்த பேனாவின் விளைவை நாம் இன்று அனுபவிக்கிறோம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிவரை அடையாறு வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பட்டா, பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை என்று இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்திக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. நல்ல காரியம். நகல் கொடுக்க முடிந்ததே அலுவலகத்தில் மூலம் இருந்ததால்தான். அலுவலகமும் நனைந்திருந்தால்?

நனைந்த கோப்பை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வெயிலில் காயப்போடாதீர்கள், மொட்டை மாடிப் பக்கமே போகாதீர்கள். சுருண்டு, ஒட்டி, மை கலைந்து போகும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். தாளுக்குத் தாள் உறிஞ்சு காகிதம், அது இல்லாவிட்டால் அச்சில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த பதிவேட்டில் செலோடேப் ஒட்டாதீர்கள். பிறப்புப் பதிவேட்டை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள்; சூட்டில் அது காகிதத்தோடு உருகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்திருக்கட்டும். பதிவறை தரைத்தளத்தில் இருக்கவே கூடாது என்பது முடிச்சூர் கற்றுக்கொடுத்த பாடம்.

இப்போது ஸ்கேன் செய்யும் காலம். யாரைக் கேட்டாலும் "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டோம் சார்" என்கிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால் வயிறு எரிகிறது. ஒப்பந்தம் பக்கத்துக்கு இத்தனை பைசா என்ற கணக்கு. ஒப்பந்தக்காரர் எதை ஸ்கேன் செய்வார்? கையில் எளிதாகக் கிடைப்பதை. தட்டச்சில் அடித்த சுற்றறிக்கைகள், விடுப்பு விண்ணப்பங்கள், ஓ.மு. என்று முப்பது ஆண்டுக்கு முன்பே அழித்திருக்க வேண்டிய தாள்கள். பெரிய வரைபடம் கருவியில் நுழையாது. அதனால் அதை விட்டுவிடுவார். நொறுங்கும் பதிவேட்டைப் பிரிக்கப் பயந்து அதையும் விட்டுவிடுவார். முடிவில் ஒரு வன்தட்டு வரும். அதில் வரிசை எண்ணையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள். எந்தத் தெரு, எந்த ஆண்டு, யார் விண்ணப்பம் என்று எதையும் தேட முடியாது. இருட்டறையைக் கணினிக்குள் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். இதில் கொடுமை, ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலத்தைக் கழிவுத்தாள் ஏலத்தில் விட்டவர்களும் உண்டு.

என் யோசனை மிக எளியது. முதலில் பட்டியல் போடுங்கள். கோப்பு எண், ஆண்டு, பொருள், தெரு அல்லது புல எண், எத்தனை பக்கம், எந்த அடுக்கு. ஒரு சாதாரண விரிதாளில் போட்டாலும் போதும். அதிலிருந்து நி.மு. கோப்புகளைப் பிரியுங்கள். அவற்றை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். தீர்மானப் புத்தகம், பிறப்பு இறப்புப் பதிவேடு, மனைப்பிரிவு, தானப் பத்திரம், நில எடுப்பு ஆகியவை முதல் வரிசை. 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவின் மதிப்பு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதை அதை வைத்திருக்கும் சுகாதாரப் பிரிவு உணர வேண்டும். பட்டா, சிட்டா, அ பதிவேடு எல்லாம் இன்று 'தமிழ் நிலம்' வழியாகக் கைபேசியில் கிடைக்கின்றன. உண்மையிலேயே பெரிய சாதனை, நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அங்கே தெரிவது இன்றைய நிலை. நேற்று யார் பெயர், எந்த ஆணையால் மாறியது என்ற கேள்விக்குப் பதில் காகிதக் கோப்பில்தான் இருக்கிறது.

அழிப்பதற்கும் துணிவு வேண்டும். ஆவண மேலாண்மையில் பாதி வேலை அழிப்பதுதான். ஓராண்டுக் கோப்பை முப்பது ஆண்டு வைத்திருந்தால் நிரந்தரக் கோப்பு அதனடியில் புதைந்துபோகும். நம் அலுவலகங்களில் அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட யாரும் முன்வருவதில்லை. நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் தன் தலையில் விழும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. பிரிட்டன் உள்துறை 2010-இல் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தவர்களின் பழைய வருகை அட்டைகளை அழித்தது. இடத்தை அடைக்கும் பழங்குப்பை என்று நினைத்தார்கள். பல பத்தாண்டுகள் அங்கே வேலை செய்து வரி கட்டிய முதியவர்களிடம், எப்போது வந்தாய், சான்று காட்டு என்று அதே துறை கேட்டது. 2018-இல் அது 'விண்ட்ரஷ்' விவகாரமாக வெடித்து, உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அழித்தது குற்றமில்லை, எது யாருடைய உரிமைக்குக் கடைசி ஆதாரம் என்று பார்க்காமல் அழித்ததுதான் குற்றம். ஆகவே அழிப்புப் பட்டியலை ஒருவர் தலையில் கட்டாமல், துறை அலுவலர், கணக்கு அலுவலர், ஆவணக் காப்பகம் தெரிந்தவர் என்று மூவர் உட்கார்ந்து முடிவுசெய்யட்டும். கையெழுத்தும் மூன்றாகட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் ஒவ்வோர் அலுவலகத்திலும் பதிவு அலுவலர் ஒருவரை வைக்கச் சொல்கிறது, ஆவணத்தை விதிமீறி அழித்தால் சிறைத் தண்டனையும் உண்டு என்கிறது. ஆனால் அது மத்திய அரசுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அவற்றின் நிறுவனங்களுக்கும் உரியது. தாம்பரத்தில் ரயில்வே அலுவலகத்தை அது கட்டுப்படுத்தும். சற்றுத் தள்ளி இருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. நம் கையில் இருக்கும் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 1997-லேயே தனக்கென்று அப்படி ஒரு சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005-இன் மத்தியச் சட்டத்தில் பிரிவு 4, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் ஆவணங்களை வகைப்படுத்தி, அடைவு போட்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. நாமெல்லாம் பிரிவு 6-இன் கீழ் மனுப் போடுகிறோம், 30 நாள் எண்ணுகிறோம். பிரிவு 4-ஐ மறந்துவிடுகிறோம். கோப்பு காணவில்லை என்பது தகவல் மறுக்கக் காரணமாகாது, முறையாகத் தேட வேண்டும், பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது.

பதிவறை எழுத்தர் பதவியைப் பற்றிக் கடைசியாக. அந்த இடம் காலியாக இருந்தால் ஒரு அலுவலக உதவியாளரைக் கூடுதல் பொறுப்பில் போடுகிறோம். அவரும் தபால் எடுக்க, டீ வாங்க, கூட்டத்துக்கு நாற்காலி போட என்று அலைந்துவிட்டு நேரம் கிடைத்தால் பதிவறைக்குள் போவார். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவரைத் தேடுகிறோம். இருபது லட்சம் ரூபாய் மனையின் ஆதாரத்தைக் காக்க யாராவது போதும் என்கிறோம். வரலாறும் நூலக அறிவியலும் படித்து வேலை தேடும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். மண்டலத்துக்கு ஒருவர் என்றாலும் தாம்பரத்துக்கு ஐந்து பேர்தான். எழும்பூரில் அவர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தால் போதும்.

நகர் நலச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகரின் மனைப்பிரிவு அனுமதி எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கொடுத்ததா, அதற்கு முந்தைய நகர் ஊரமைப்பு இயக்ககம் கொடுத்ததா என்று பாருங்கள். பூங்கா, சாலை, திறந்தவெளி ஆகியவற்றின் தானப் பத்திர எண்ணை எழுதி வையுங்கள். பகுதி சபை கூடும்போது மாநகராட்சி அதிகாரியிடம், எங்கள் பழைய பேரூராட்சியிலிருந்து வந்த ஆவணங்களின் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் போடச் சொல்லி மனுக் கொடுங்கள். சண்டை வேண்டாம், ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டால் போதும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றியுள்ள ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் முடிவு. சேர்ப்பதானால் இணைப்பு ஆணையிலேயே ஒரு வரியைச் சேருங்கள்: ஆவண ஒப்படைப்புப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அதன் ஒரு நகல் எழும்பூருக்கு வந்து சேராதவரை ஊராட்சிச் செயலரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது. இதற்குத் தனி நிதி வேண்டாம். ஊருக்கு இரண்டு எழுத்தர்களும் ஒரு பதிவேடும் போதும்.